மலிவு விலையில் ஒரு கௌரவம்

மொழிபெயர்ப்பாளராக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. சொந்தக்காரர்கள் யாருக்கு எந்த மொழியில் சிக்கல் வந்தாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். வங்கிக் கடிதம், ரயில்வே நோட்டீஸ், மருந்து பாட்டிலின் பின்பக்கத்துப் பொடி எழுத்து எல்லாம் நம் தலையில்தான். 2025 டிசம்பர் கடைசி வாரத்தில் சித்தப்பா மகன் கோயம்புத்தூரிலிருந்து தில்லி வந்து இறங்கியபோது வந்த வேலை கொஞ்சம் புதிது. "ஒரு கார் பாக்கோணுங்க்கா. புரோக்கர் இந்தியிலதான் பேசுறான். நீங்க கூட வந்து அவன் சொல்றதை அப்படியே சொன்னாப் போதும்" என்றான்.

தம்பிக்கு பம்ப்செட் உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறை. ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பதினைந்து வருஷ உழைப்பில் 14 லட்ச ரூபாய் சேர்த்திருந்தான். அதில் பழைய சி.என்.சி. லேத் ஒன்று வாங்கலாம் என்பது அவன் மனைவியின் கட்சி. அவனுக்கோ ஜெர்மன் கார். காரணத்தை ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டான். ஒரு பெரிய கம்பெனிக்கு பாக்கி வசூலிக்கப் போயிருக்கிறான், தன் பழைய வேனில். வாசலில் இருந்த வாட்ச்மேன் ஆளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். "சப்ளையர்னா பின்பக்க கேட்டுக்குப் போ" என்றான். அதே நேரத்தில் பின்னால் வந்த ஒரு ஜெர்மன் காருக்கு சலாம் போட்டு முன் கேட்டைத் திறந்துவிட்டான். தம்பியின் மனதில் அந்த கேட் இன்னும் மூடவில்லை.

தில்லியில் பத்து வயதான டீசல் கார்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறார்கள் என்று கோவையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது முழுப் பொய்யுமில்லை. அதனால் ஒரு பனிமூட்டமான காலையில் இருவரும் கரோல்பாக் போனோம். ஒரு காலத்தில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்கு வீடு பார்த்த அதே கரோல்பாக், இன்று பழைய கார்களுக்கும் பேர் போனது. கூடவே எங்கள் காலனியில் முப்பது வருஷமாகக் கார் ரிப்பேர் செய்யும் மிஸ்திரி ஒருவரையும் 2,000 ரூபாய் பேசி அழைத்துக்கொண்டேன். அந்த 2,000 ரூபாய்தான் அன்று நாங்கள் செய்த நல்ல செலவு.

காட்டப்பட்ட கார் எந்தக் கம்பெனியுடையது என்று எழுதப் போவதில்லை. ஜெர்மன், செடான், கறுப்பு, டீசல், 2,000 சி.சி.க்கு மேல். பதிவானது 2015 நவம்பர். புதிதில் அரைக் கோடிக்கு மேல் விலை. இப்போது 11 லட்சம். பனியில் நனைந்து பளபளவென்று நின்றது. தம்பி அதன் கதவைத் திறந்து மூடினான். 'தப்' என்று ஒரு கனமான சத்தம். பாதி மனசு அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது என்பது முகத்தில் தெரிந்தது. புரோக்கருக்கும் தெரிந்தது.

"காடி ஏக்தம் மக்கன் ஹை, மேடம்ஜி" என்றார் அவர்.

என் மொழிபெயர்ப்பு வேலை ஆரம்பமாயிற்று. "வண்டி வெண்ணெய் மாதிரி இருக்குதாம்" என்றேன். மிஸ்திரி ஒன்றும் பேசாமல் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். டீசல் எஞ்சினின் குணம் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளியே வரும். சூடான எஞ்சின் எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொள்ளும். "இரண்டு மணி நேரம் கழித்து வருகிறோம், அதுவரை இதைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு மிஸ்திரி எங்களை டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தபோது வெண்ணெய் கொஞ்சம் திரிந்திருந்தது. பிடிக்கவே நேரம் எடுத்தது. பிடித்ததும் கடகடவென்று உதறல். பின்னால் புகை. மிஸ்திரி புகையை ஜோசியக்காரர் கைரேகை பார்ப்பதுபோலப் பார்த்தார். கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளை வந்து நிற்காமல் தொடர்ந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அல்லது டீசல் எரியாமலே வெளியே வருகிறது. எங்கள் காரில் முதலில் வெள்ளை, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கறுப்பு. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். அங்கிருந்தும் குபுகுபுவென்று ஆவி. "இன்ஜெக்டர் நாலும் பார்க்க வேண்டும். டர்போவும் சந்தேகம்" என்றார்.

இந்த டீசல்களில் எரிபொருள் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் மயிரிழை போன்ற துளைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது. அந்த வேலையைச் செய்யும் இன்ஜெக்டர் ஒன்று, வேலைக்கூலியோடு, இந்தக் காருக்கு 40,000 ரூபாய் ஆகும் என்பது மிஸ்திரியின் கணக்கு. பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தம்பிக்கு இரண்டு தடவை மொழிபெயர்த்தேன். "காருக்கு வயதானால் விலை குறையும். உதிரிபாகத்துக்கு வயதே ஆகாது. நீங்கள் கொடுப்பது 11 லட்சம். ரிப்பேருக்கு வரும் பில் அரைக் கோடி காருடையது."

புரோக்கரின் இரண்டாவது வாசகம்: "டாக்டர் சாப் கி காடி. சிங்கிள் ஹேண்ட்." ஒரே கை, அதுவும் ஒரு டாக்டரின் கை. கரோல்பாக்கில் விற்பனைக்கு நிற்கும் கார்களின் கதைகளை நம்பினால், தில்லியில் டாக்டர்களைத் தவிர வேறு யாருமே கார் வைத்திருக்கவில்லை என்று தோன்றும். பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர் ஒரு கம்பெனியின் பெயர். அந்த டாக்டர்? கம்பெனியிடமிருந்து அவர் வாங்கினாராம், பெயர் மாற்றவில்லையாம். அவரிடமிருந்து புரோக்கரின் நண்பர் வாங்கினாராம், அவரும் மாற்றவில்லை. ஆக 'சிங்கிள் ஹேண்ட்' என்பதன் சரியான தமிழ்: பல கை மாறியது, ஒரு கையெழுத்துகூட மாறவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை அதற்குத்தான். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் தெளிவாகவே சொன்னது. அந்தக் கார் 2007-ல் விற்கப்பட்டு, கை மாறி, கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. பதிவேட்டில் மட்டும் முதல் சொந்தக்காரரின் பெயர் அப்படியே இருந்தது. நஷ்ட ஈடு கட்ட வேண்டியவர் அவர்தான் என்பது தீர்ப்பு. காரை விற்றுக் காசை எண்ணிக்கொண்டதோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் பாடம் உண்டு. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் விற்கிற காரை வாங்கினால், நாளைக்குக் கையெழுத்துக்காக யாருடைய வாசலில் போய் நிற்பது? அது எந்த கேட்டோ!

2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் வியாபாரிகளும் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். புரோக்கர் இன்னொரு டீ சொன்னார்.

மூன்றாவது வாசகம் எண்ணில் இருந்தது. 58,000 கிலோமீட்டர். பத்து வருஷத்துக்கு அது குறைச்சல்தான், ஆனால் நடக்காததில்லை. மிஸ்திரி தன் பையிலிருந்து ஒரு ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். இப்போதைய கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டும் பதிவாவதில்லை. வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். திருகுகிறவர்கள் முன்னால் தெரிகிற மீட்டரைத் திருகிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இந்தக் காரின் கியர்பாக்ஸுக்கு ஞாபக சக்தி நன்றாக இருந்தது. 1,31,000 என்றது.

"ஸ்கேனர் கோளாறா இருக்கும்" என்றார் புரோக்கர். ஸ்கேனர் இல்லாமலும் பார்க்க வழி உண்டு என்று மிஸ்திரி காட்டினார். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த வருஷத்தின் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். பானெட்டின் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் அதன் அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று தெரியும். சீட்டைக் கழுவலாம், கார்ப்பெட்டை மாற்றலாம், பெல்ட்டின் சுருளுக்குள் யாரும் கையை விடுவதில்லை. 2005-ல் மும்பையிலும் 2015-ல் சென்னையிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் நினைவிருக்கும். மூழ்கிய கார்கள் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. நல்ல வேளை, எங்கள் காரின் பெல்ட் சுத்தமாக இருந்தது. அன்று அது வாங்கிய ஒரே பாஸ் மார்க் அதுதான்.

"டீசலாச்சே, செலவே இல்லை" என்பது நான்காவது வாசகம். இதைத் தம்பியே மொழிபெயர்க்காமல் புரிந்துகொண்டான். கோவையிலும் இதே பேச்சுத்தான். ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. 2012 மே மாதம் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். பெட்ரோல் விலைக்கட்டுப்பாட்டை அரசு 2010 ஜூனில் எடுத்துவிட்டது. டீசலுக்கு மட்டும் வைத்திருந்தது. லாரியும் டிராக்டரும் பிழைக்கட்டும் என்று கொடுத்த மானியத்தை ஜெர்மன் கார்களும் வரிசையில் நின்று குடித்தன. அந்த நாட்களில் சொகுசு கார் என்றால் பெரும்பாலும் டீசல் கார்தான். அதே 2012 ஜூனில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. நம் கவனமெல்லாம் 32 ரூபாய் வித்தியாசத்தில் இருந்தது.

2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. 2025-ல் தில்லியில் இரண்டுக்கும் இடையே சுமார் 7 ரூபாய்தான் வித்தியாசம். டீக்கடை பில்லின் பின்பக்கம் தம்பிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறான். டீசல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், அதே அளவு பெட்ரோல் கார் 10 என்று வைத்துக்கொள்வோம். டீசல் 88 ரூபாய், பெட்ரோல் 95 ரூபாய் என்றால் மாதம் மிச்சம் சுமார் 3,200 ரூபாய். வருஷத்துக்கு 38,000 சொச்சம். "இது ஒரு இன்ஜெக்டர்" என்றேன். தம்பி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு இன்ஜெக்டரின் விலைகூட முழுசாக வரவில்லை. அதில் நான்கு இருக்கின்றன.

புதிய டீசல் என்றால் இந்தக் கவலை இல்லையா என்று மிஸ்திரியைக் கேட்டான். கவலை வேறு மாதிரி என்றார் அவர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல்களில் கரித்தூளைப் பிடிக்க வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். புதிது போட லட்சக்கணக்கில் ஆகும் என்பதால் சிலர் அதை அறுத்து எடுத்துவிட்டு, மென்பொருளையும் ஏமாற்றி விற்றுவிடுகிறார்கள். ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கும். மூச்சு விடுவதற்குத்தான் இருக்காது.

"கோர்ட் விட்டுவிட்டது, இனி பயமில்லை" என்றார் புரோக்கர். ஐந்தாவது வாசகமான இதை மொழிபெயர்க்கத்தான் எனக்கு நேரமாயிற்று. ஏனென்றால் இதற்குள் பத்து வருஷத்துத் தில்லி இருக்கிறது.

சட்டப்படி ஒரு தனியார் காரின் பதிவுக்கு ஆயுள் 15 ஆண்டு. பிறகு சோதித்துப் புதுப்பிக்கலாம். ஆனால் 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்றது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 2,000 சி.சி.யும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்வதையே நிறுத்தி வைத்தது. 2016 ஆகஸ்டில் விலையில் 1 சதவிகிதம் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டச் சொல்லி அனுமதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் விதித்த 10 ஆண்டு தடையை 2018 அக்டோபரில் அதுவே உறுதி செய்தது. 2025 ஜூலை 1-ஆம் தேதி, ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் கிடையாது என்று கேமரா வைத்தார்கள். மூன்றே நாளில் தில்லி அரசே தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. ஆகஸ்ட் 12-இல், வயதை மட்டும் காரணம் காட்டிக் கட்டாய நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 17-இல் அதைத் திருத்தி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4-உம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் என்றது.

எங்கள் கார் பி.எஸ்.4. எனவே புரோக்கர் சொன்னது பொய்யில்லை. ஆனால் காற்று மோசமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால் தில்லியில் பி.எஸ்.4 டீசல் கார் வெளியே வரக்கூடாது. குளிர்காலத்தில் அது அடிக்கடி வரும். 'விட்டுவிட்டது' என்பதன் மொழிபெயர்ப்பு, 'அடுத்த உத்தரவு வரும்வரை'.

வயதை வைத்துக் காரை ஒதுக்குவது நியாயமா என்ற கேள்வியில் பழைய கார்காரர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் 11 வயது காரைவிட, நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய 8 வயது டாக்ஸி மோசமாகப் புகையலாம். புகையை அளந்து சொல்லுங்கள் என்கிறார்கள். அளக்கிறோமா? நம் புகைச் சான்று மையங்களில் டீசலுக்குப் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். நுரையீரலின் அடி வரை போகும் நுண்துகளின் எடையையோ நைட்ரஜன் ஆக்ஸைடையோ அல்ல. பி.எஸ்.4 டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம் என்று அனுமதி, பி.எஸ்.6-க்கு 4.5 மில்லிகிராம். அதாவது ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம், அதுவும் கார் புதிதாக இருக்கும்போது. உதறிக்கொண்டு புகைவிடும் எங்கள் 'வெண்ணெய்' என்ன கணக்கோ, அதை அளக்கும் கருவி கரோல்பாக்கில் இல்லை.

கடைசி வாசகம்தான் புரோக்கரின் துருப்புச்சீட்டு. "இங்கே இருந்தால்தானே பிரச்சினை? என்.ஓ.சி. வாங்கித் தருகிறேன். உங்கள் ஊரில் இன்னும் ஐந்து வருஷம் ராஜா மாதிரி ஓடும்."

தமிழ்நாட்டில் மறுபதிவு செய்தால் வாழ்நாள் வரி கட்ட வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. 20 லட்சத்துக்கு மேலான புதிய காருக்கு அங்கே 20 சதவிகிதம். பழையதற்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது காரின் அசல் விலையிலிருந்து, நாம் கரோல்பாக்கில் கொடுத்த விலையிலிருந்து அல்ல. இதையும் டீக்கடை பில்லில் எழுதினோம். வரி, இன்ஜெக்டர், டர்போ, டயர், லாரி வாடகை எல்லாம் சேர்த்தபோது பில்லில் இடம் போதவில்லை. தம்பியின் 14 லட்சமும் போதவில்லை.

ஆனால் என்னை நிறுத்தியது அந்தக் கணக்கு இல்லை, அந்த மூன்று எழுத்து. இருபது வருஷமாக அரசாங்கக் காகிதங்களில் அதை 'ஆட்சேபணை இல்லாச் சான்று' என்று யோசிக்காமல் மொழிபெயர்த்திருக்கிறேன். அன்றுதான் யோசித்தேன். யாருக்கு ஆட்சேபணை இல்லை? தில்லிக்கு. போய்த் தொலையட்டும் என்பதைத்தான் இத்தனை மரியாதையாகச் சொல்கிறார்கள். கோயம்புத்தூரை யாராவது கேட்டார்களா? தம்பியின் பட்டறைக்கு எதிரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே படிக்கிற குழந்தைகளுக்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று கேட்க எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. தலைநகரத்தின் நுரையீரலுக்கு ஆகாத புகை சின்ன ஊர்களின் நுரையீரலுக்கு ஆகும் என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் 10-க்கும் 15-க்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்து வருஷ இடைவெளியில் ஒரு வியாபாரமே நடக்கிறது. ஒவ்வொரு சொந்தக்காரரும் கொஞ்சம் பாக்கியை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். அந்த பாக்கிக்குத்தான் 'மலிவு' என்று பெயர்.

இதையெல்லாம் நான் தம்பியிடம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. என்.ஓ.சி.யை மட்டும் மொழிபெயர்த்தேன். அவன் காரைச் சுற்றி இன்னொரு முறை நடந்தான். கதவைத் திறந்து மூடினான். அதே 'தப்'. "சத்தம் நல்லாத்தான் இருக்குதுங்க்கா" என்றான். பிறகு, "போலாமுங்க்கா" என்றான். புரோக்கர் 10 என்றார். தெருமுனைக்கு வந்தபோது ஆள் விட்டு ஒன்பதரை என்றார். விலை குறையக் குறைய தம்பியின் நடை வேகமாயிற்று. மிஸ்திரி மட்டும் நின்று அந்தக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நல்ல கார்தான் மேடம்ஜி. நல்ல கையில் இருந்திருக்கலாம்" என்றார்.

ஒரு மாதம் கழித்து கோவையிலிருந்து போன் வந்தது. உள்ளூரிலேயே ஐந்து வயதான பெட்ரோல் கார் ஒன்று, ஏழு லட்சத்துக்கு. காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தானாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தானாம். சர்வீஸ் புத்தகத்தில் இருந்த கிலோமீட்டரை வரிசையாகச் சரிபார்த்தானாம். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர்க்காரரையே நேரில் பார்த்து, படிவங்களில் கையெழுத்து வாங்கி, இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றிவிட்டான். "டாக்டர் வண்டிங்க்கா. நிஜமாவே டாக்டர். எனக்கு பி.பி.கூடப் பார்த்து விட்டாருங்க." மீதிப் பணத்தில் லேத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. வீட்டில் சமாதானம்.

அந்தக் கம்பெனி வாட்ச்மேன்? "இன்னும் பின்பக்க கேட்தானுங்க்கா" என்று சிரித்தான். "ஆனா போன வாரம் பாக்கி வந்துடுச்சு."

அதே வாரம் கரோல்பாக் பக்கம் போக வேண்டியிருந்தது. கறுப்புக் கார் நின்ற இடம் காலியாக இருந்தது. புரோக்கர் என்னை அடையாளம் கண்டு கையசைத்தார். விற்றுவிட்டதா என்று கேட்டேன். நல்ல விலைக்குப் போய்விட்டதாம். மீட்டர்? 52,000 என்று யாரோ எழுதிய அட்டை சுவரில் இன்னும் தொங்கியது. எங்களிடம் சொன்னதைவிட 6,000 குறைவு. ஒரு மாதத்தில் அந்தக் கார் பின்னோக்கி ஓடியிருக்கிறது.

எந்த ஊருக்குப் போயிற்று என்று கேட்டேன்.

"ஆப்கி தரஃப் ஹி, மேடம்ஜி" என்றார். உங்கள் பக்கம்தான்.